உம்மம்மாவின் கசெட்



செயற்கை நுண்ணறிவும் மென்பொருளும் பாட்டை எப்படி மாற்றி வருகின்றன என்று எழுத நினைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு பழைய கசெட்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மம்மா தன் பிள்ளைகளுடன் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வாழ்க்கை. உம்மாவின் வாப்பா அப்போது சவூதியில் வேலை செய்தார். அக்காலத்தில் பலர் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்களாம். 1992இல் உம்மம்மாவும் அப்படி ஒன்றை அனுப்பினார். அதில் வீட்டுச் செய்திகளுக்கு நடுவே, கைக்குழந்தையாக இருந்த என் சின்ன மாமாவைத் தாலாட்டும் பாட்டும் பதிவாகியிருந்தது. நான் நடக்கப் பழகுமுன்பே உம்மம்மா வபாத்தாகிவிட்டார். அவரை நான் அறிந்தது அந்தக் குரலால் மட்டுமே.

ஆனால் கசெட் பழுதடைந்து வந்தது. இரைச்சல் கூடி, பாட்டின் சொற்கள் மங்கிப் போயின. மீள்குடியேறிய பின் வாப்பா கடை வைத்திருப்பது வங்காலையில். அங்கே தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கும் ஓர் அண்ணா எங்கள் கடைக்கு வருவார். அவரிடம் சொன்னதும், "கொண்டு வாங்கோ தங்கச்சி, பார்ப்பம்" என்றார். மடிக்கணினியில் கசெட்டைப் பதிந்து, ஒரு மென்பொருளில் போட்டார். சில நிமிடங்களில் இரைச்சல் போய்விட்டது. உம்மம்மா பக்கத்தில் இருந்து பாடுவது போல் கேட்டது.

இது எப்படி நடக்கிறது? கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. இறுவட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலிக்கு 44,100 அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. முன்பு இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால், குறித்த சுருதியில் உள்ள ஒலியை வெட்டுவார்கள். அதோடு குரலும் வெட்டுப்படும். இப்போதைய மென்பொருளுக்குத் தனிக் குரலையும், இரைச்சல் கலந்த அதே குரலையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்குகிறார்கள். எது மனிதக் குரலின் அமைப்பு என்பதை அது அந்த உதாரணங்களிலிருந்து கற்றுக்கொண்டு பிரித்துத் தருகிறது.

உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவுக்கும் ஒரு கசெட் கதை உண்டு. 1980இல் கொல்லப்பட்ட ஜோன் லெனன், நியூயோர்க் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிப் பதிந்த பாட்டு ஒன்று இருந்தது. மற்ற மூவரும் 1990களில் அதை முடிக்க முயன்றார்கள். இரைச்சலையும் பியானோவையும் குரலிலிருந்து பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். பின்னர் இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பரில் அந்தப் பாட்டு வெளிவந்தது. அதில் கேட்பது லெனன் உண்மையிலேயே பாடிய குரல்.

எங்கள் வீட்டுப் பிரச்சினை இதன் பிறகே ஆரம்பமானது. கட்டாரில் இருக்கும் சின்ன மாமாவுக்குச் சென்ற வருடம் மகள் பிறந்தாள். சுத்தமாக்கிய பாட்டைக் கேட்டு அழுத மாமா, மறுநாள் உம்மாவிடம், "ராத்தா, இப்ப இந்தக் குரலை வச்சுப் புதுசாப் பாட வைக்கலாமாம். உம்மா என்ட மகள்ட பேரைச் சொல்லித் தாலாட்டுற மாதிரிச் செய்வமா?" என்று கேட்டார்.

மாமா சொன்னது நடக்கக்கூடியதே. ஒருவரின் குரல் பதிவுகளைக் கொடுத்தால், கணினி அக்குரலின் தன்மையைக் கற்றுக்கொள்ளும். பிறகு வேறொருவர் பாடினாலும் அதை அந்தக் குரலாக மாற்றிவிடும். ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீத் ஆகியோரின் குரல்களை 2024இல் இப்படித்தான் கொண்டுவந்தார். குடும்பத்தவரிடம் அனுமதி பெற்றதாகவும், அவர்களுக்குரிய ஊதியம் வழங்கியதாகவும் அவர் அறிவித்தார். அதே ஆண்டில் யுவன் சங்கர் ராஜா, மறைந்த தன் சகோதரி பவதாரிணியின் குரலை 'கோட்' படப் பாட்டொன்றில் ஒலிக்கச் செய்தார். ஆனால் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் ஒரு தெலுங்குப் படத்தில் குடும்பத்தின் அனுமதியின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி, அவருடைய மகன் சரண் சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பினார்.

இவற்றையெல்லாம் நான் உம்மாவிடம் சொன்னேன். "குடும்பத்தவர் சம்மதித்தால் சரிதானே? நாங்கதானே குடும்பம்?" என்றும் கேட்டேன். உம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரவு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உம்மாட குரல் எங்களுக்கிட்ட இருக்கிற அமானிதம். உம்மா சொல்லாத சொல்லை உம்மா சொன்னதா அந்தப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுற? நாளைக்கு அவள் வளந்து, 'உம்மம்மா என்னைக் கண்டவவா?' எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? பாட்டு உனக்குத் தெரியும்தானே. நீயே பேரைப் போட்டுப் பாடு."

மாமா சிறிது நேரம் பேசவில்லை. அவருக்கு அது கவலைதான் என்பது எனக்குப் புரிந்தது. தாயின் குரலில் மகளின் பெயரைக் கேட்க ஆசைப்படுவது குற்றமா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனாலும் உம்மாவின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒருவர் பாடியதைத் துலக்குவது வேறு, பாடாததைப் பாட வைப்பது வேறு. குடும்பத்தவர் சம்மதம் கொடுக்கலாம். ஆனால் உம்மம்மாவிடம் இனி யாரும் கேட்க முடியாது.

இன்னொன்றையும் உம்மா கவனித்தார். சுத்தமாக்கிய பதிவில் கிடுகின் மேல் மழை விழும் சத்தம் இல்லை. மென்பொருள் அதையும் இரைச்சல் என்று நீக்கிவிட்டது. "அந்த மழைக்குள்ளதான் நாங்க இருந்த" என்றார். அதனால் அண்ணாவிடம் சொல்லி இரண்டு பதிவுகளையும் வைத்திருக்கிறோம்.

அன்பான பெற்றோரே, சகோதரிகளே! நம் வீடுகளில் மூத்தவர்களின் கசெட்டுகள் இருந்தால், அவை கெடுமுன் கணினியில் பதிந்து வையுங்கள். அதற்கு இந்தத் தொழில்நுட்பம் பெரிய உதவி. முதலில் மூலப் பதிவை அப்படியே சேமியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் குரலைக் கைத்தொலைபேசிச் செயலிகளில் போடுவதற்கு முன், விளையாட்டுக்காக என்றாலும் அவர்களிடம் கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை மாமா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். உம்மம்மாவின் தாலாட்டை மகளின் பெயரோடு அவரே பாடியிருந்தார். ராகம் இரண்டு இடத்தில் தவறியது. உம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.