காமன் கூத்தும் தோட்டத்து மக்களும்



நாடகம் என்றதும் திரைச்சீலையும் மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. மேடையே வேண்டாத நாடகமொன்று மலையகத்தில் உண்டு. தோட்டமே அதற்குக் களம். லயத்து மக்களே நடிகர், அவர்களே பார்வையாளர். அதுதான் காமன் கூத்து.

மாசி மாதத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். காமன் கூத்தின் காலமும் அதுவே. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவர். விரதமிருந்து வேடம் கட்டுவர். இரதி மன்மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல் என இரவுதோறும் கதை வளரும். பூரணையன்று சிவன் அவனை எரிப்பார். இரதி புலம்புவாள். பின்னர் அவன் உயிர் பெற்று எழுவான்.

இக்கூத்தின் சமூகப் பயன் யாது?

முதலாவது, தோட்டத்தில் நிலமும் நேரமும் தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததில்லை. விடியற்காலையில் தப்படித்துத்தான் அவர்களைப் பெரட்டுக்கு அழைத்தார்கள். அதே தப்பு மாசி இரவில் அவர்களைக் கூத்துக்கு அழைத்தது. பகலெல்லாம் ஏவலுக்கு நின்றவன் இரவில் சிவனாகவும் எமனாகவும் நின்றான். இது சிறு காரியமல்ல.

இரண்டாவது, துயரத்துக்கு அது ஒரு மொழியைக் கொடுத்தது. ஒப்பாரியோடு பிறந்து வளர்ந்த மக்கள் இரதியின் புலம்பலைக் கதையென்று மட்டும் கேட்பதில்லை. தம் வீட்டுச் சாவுகளையும் சேர்த்தே அழுகிறார்கள்.

மூன்றாவது, ஏடு படிக்காதவரிடமும் நூற்றுக்கணக்கான பாடல்கள் மனப்பாடமாக நிலைத்தன. யாப்பிலக்கணம் கற்பிக்கும் நான், தப்பின் அடிக்கேற்பச் சீர் பிரித்துப் பாடும் முதியவர்களைக் கண்டு வியந்ததுண்டு.

இக்கலைக்குப் பேரிடி எங்கிருந்து வந்தது? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. 1974இல் மேலும் 75,000 பேர் அக்கணக்கில் சேர்ந்தனர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கூத்து என்பது பலர் கூடிச் செய்வது. இரதி வேடக்காரர் ஒருவர் கப்பலேறினால் ஒரு தோட்டத்தின் புலம்பலே போய்விடும். கூத்து மாஸ்டர் போனால் கூத்தே போய்விடும்.

குறைகளும் உண்டு. மரபில் இரதி வேடத்தையும் ஆணே கட்டினான். கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணுக்கு ஆட்டத்தில் இடமில்லை. தப்பில்லாமல் கூத்தில்லை என்றறிந்தும் தப்படித்தவரைத் தாழ்வாக நடத்தினோம். இவற்றை மாற்றினால் கூத்து கெடாது, வளரும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிழக்கிலங்கைக் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். அதனால் கூத்துக்குப் படித்தவரிடையே மதிப்பு வந்தது. காமன் கூத்தையும் சுருக்கிப் பாடசாலை மேடைக்குக் கொண்டுவரலாம், அதில் தவறில்லை. ஆனால் அரைமணிப் போட்டி நிகழ்ச்சி, ஒரு தோட்டத்தையே பல இரவுகள் ஒன்றுகூட்டும் கூத்துக்கு ஈடாகாது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து முதியவரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யுங்கள், எழுதியும் வையுங்கள். அத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வேடத்துக்கும் இருவரைப் பழக்குங்கள், அவர்களுள் பெண்பிள்ளைகளும் இருக்கட்டும். ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போனாலும் மற்றவர் ஊரில் இருப்பார். கூத்து ஏட்டில் மட்டும் பிழைத்திருந்தால் அது ஆவணம். ஆள் இருந்தால்தான் அது கூத்து.