எடிசன் எதுக்கு? பூண்டு இருக்கு!

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில எங்க அப்பா பூண்டு விவசாயி. பூண்டு வித்த காசுலதான் என் ஜி.ஆர்.ஈ. ஃபீஸ் கட்டியிருக்கோம். சொதப்பினா, மறுபடி கட்ட அடுத்த அறுவடை வரைக்கும் காத்திருக்கணும். அந்தப் பயத்தோடயே ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். கணக்கு? இன்ஜினீயரிங் பசங்களுக்கு அது அல்வா. காலை வாரினது ரைட்டிங் பகுதி. ஆறுக்கு மூணு!

முன்னாடி இந்தப் பகுதியில ரெண்டு கட்டுரை. 2023 செப்டம்பர்ல தேர்வைச் சுருக்கினப்போ ஒண்ணைத் தூக்கிட்டாங்க. இப்போ 'இஷ்யூ' கட்டுரை மட்டும்தான். ஒரு கருத்து கொடுப்பாங்க. ஒத்துக்கறீங்களா, இல்லையா, ஏன்னு 30 நிமிஷத்துல டைப் பண்ணணும். கேட்கக்கூடிய தலைப்புகள் எல்லாத்தையும், தேர்வை நடத்துற இ.டி.எஸ். அமைப்பே இணையத்துல இலவசமா வெச்சிருக்கு. தினம் ஒண்ணு எடுத்து, கடிகாரம் வெச்சு எழுதிப் பழகுங்க.

கிராமர்?

தேர்வுத் திரையில ஸ்பெல் செக் கிடையாது பாஸ். தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுற நமக்குன்னே சில தப்புகள் இருக்கு. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'. 'தி'க்கு ஜோடியா தமிழ்ல சொல்லே இல்லாததால, அதையும் அடிக்கடி முழுங்கிடுவோம். உங்க தப்புகளை ஒரு நோட்டுல எழுதி வையுங்க. கடைசி அஞ்சு நிமிஷம் அதைத் தேடிப் பிடிக்க மட்டும். சின்னச் சின்னப் பிழை இருந்தாலும் முழு ஆறு வாங்கலாம்னு மதிப்பீட்டு விதியே சொல்லுது!

அப்போ எனக்கு ஏன் மூணு?

சீனியர் அக்கா என் கட்டுரையைப் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. "எடிசன், ஐன்ஸ்டீன், ஸ்டீவ் ஜாப்ஸ்... இவங்கள்ல யாரைப் பத்தியாவது உனக்கு நாலு வரிக்கு மேல தெரியுமாடா? தெரிஞ்சதை எழுது!"

அன்னிக்கு ராத்திரி எங்க மலையைப் பத்தி ஒரு பட்டியல் போட்டேன்.

தொழில் வளர்ச்சியா, சுற்றுச்சூழலா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை வேலை கொடுத்துச்சு. ஆனா, பாதரசக் கழிவுப் பிரச்னையில 2001-ல் மூடப்பட்டுச்சு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது 2016-லதான். ரெண்டு பக்கமும் பேச இதைவிட நல்ல உதாரணம் வேணுமா?

தனிமனித சுதந்திரமா, பொது நன்மையா? உயர் நீதிமன்ற உத்தரவால 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வந்த இ-பாஸ்.

பாரம்பரிய அறிவுக்கு இன்னிக்கு மதிப்பு இருக்கா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின எங்க மலைப்பூண்டு!

அடுத்த மாதிரித் தேர்வுல நாலரை. உங்க ஊர்லயும் ஒரு ஆறோ ஆலையோ சந்தையோ இருக்கும். அதுதான் உங்க கட்டுரை. வருஷத்தையும் விவரத்தையும் மட்டும் சரிபார்த்துக்கங்க.

அப்பாவுக்கு போன் போட்டு, "உங்க பூண்டைப் பத்திதான்ப்பா எழுதியிருக்கேன்"னேன்.

"வெலை கிடைக்காததையும் சேர்த்து எழுதினியா?"ன்னார்.

அடுத்த தலைப்பு ரெடி!