ஒற்றைப் படியை நம்பாதீர்!

ஒரு சிறு கற்பனை செய்து பாருங்கள். கிணற்றடியில் குனிந்து வாளியை இழுக்கிறீர்கள். சட்டைப் பையில் இருந்த செல்போன் நழுவி, 'தொபுக்' என்று தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. போனது என்ன? பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ விலையுள்ள ஒரு கருவி என்பீர்கள். கருவியைக் கடையில் வாங்கிவிடலாம். ஆனால் மகன் முதன்முதலாக நடந்ததைப் படம் பிடித்து அதில்தான் வைத்திருந்தீர்கள். இன்று உயிரோடு இல்லாத பாட்டியின் குரல் அதில்தான் இருந்தது. நிலப் பத்திரத்தின் படம், மகளின் மதிப்பெண் சான்றிதழ், உறவினர்களின் தொலைபேசி எண்கள் எல்லாமே அதற்குள்தான். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

"அவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தே உங்கள் இழப்பு அமையும். அந்தப் படியை எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லாமல் மறையும் பொருள்

காகிதம் கெடுவதற்கு முன்பே நமக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. ஓரம் பழுப்பேறுகிறது, மை மங்குகிறது, செல் அரித்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. பாதி கிழிந்த கடிதத்திலும் மீதிப் பாதியைப் படித்துவிடலாம். செல்போனிலும் கணிப்பொறியிலும் உள்ள தகவல்கள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே எழுத்து, படம், குரல் யாவும் 0, 1 என்ற இரண்டே குறிகளாக மாற்றப்பட்டு வைக்கப்படுகின்றன. 4 மெகாபைட் அளவுள்ள ஒரு சாதாரணப் புகைப்படம் ஏறத்தாழ 3 கோடி 20 லட்சம் குறிகளால் ஆனது.

இந்தக் குறிகள் எங்கே இருக்கின்றன? செல்போன், பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றில் நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அறையைச் சுற்றிலும் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு மெல்லிய சுவர் உண்டு. அறைக்குள் அடைபட்டிருக்கும் எலக்ட்ரான்களின் அளவுதான் அங்கே என்ன குறி என்பதைத் தீர்மானிக்கிறது. நாட்பட நாட்பட எலக்ட்ரான்கள் சிறிது சிறிதாகக் கசியும். பல ஆண்டுகள் மேசை அறைக்குள் கிடந்த பென் டிரைவ் ஒரு நாள் திறக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹார்டு டிஸ்க் வேறு வகை. அதில் சுழலும் தட்டுகளின் மேற்பரப்பில் காந்தத் துகள்கள் நிற்கும் திசையே குறியாகிறது. அதைப் படிக்கும் முனை, தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இயந்திரம் 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே கொண்டது. இன்றோ விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிவிடுகின்றன. வசதி பெருகியதைப் போலவே ஆபத்தும் பெருகிவிட்டது. முன்பு ஓர் அலமாரி நிறைய இருந்தவை இப்போது ஒரே கணத்தில் தொலைந்து போகலாம்.

ஏட்டுச் சுவடி சொல்லும் பாடம்

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. பனையோலையின் ஆயுள் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளே. அப்படியிருந்தும் சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. ஓலை நிலைத்ததால் அன்று. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படியெடுத்ததால்தான் அவை பிழைத்தன. படியெடுக்கப்படாத நூல்கள் ஓலையோடு போயின. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெற முடியும். ஒற்றைப் படியாக இருந்த சுவடிகளை எங்கே தேடுவது?

ஏடெழுதியவர்களுக்குக் கிட்டாத ஒரு வசதி நமக்கு உண்டு. கையால் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நுழையும். 0, 1 குறிகளை முறையாகப் படியெடுத்தாலோ மூலமும் படியும் அணுவளவும் வேறுபடுவதில்லை. பத்தாவது படியும் முதல் படியைப் போலவே இருக்கும். செலவும் மிகக் குறைவு. எளிதில் அழியக்கூடிய இத்தகவலுக்கு எளிதில் படியெடுக்கலாம் என்பதே மருந்து.

மூன்று, இரண்டு, ஒன்று

எத்தனை படிகள் வேண்டும்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோ 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் வாயிலாகப் பரப்பிய ஒரு விதி, நினைவில் வைக்க எளிதானது. முக்கியமான எதற்கும் 3 படிகள் வேண்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரு சாதாரணக் குடும்பத்தில் இதை எப்படிச் செய்வது? செல்போனில் இருப்பது முதல் படி. தனியாக வாங்கி வைத்த ஒரு ஹார்டு டிஸ்கில் இரண்டாவது படி. மூன்றாவதை, 'கிளவுடு' என்று சொல்லப்படும் இணையக் கிடங்கில் வைக்கலாம்; அல்லது இன்னொரு டிஸ்கில் எடுத்து வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், திருடன் புகுந்தாலும் அந்த மூன்றாவது படி தப்பிவிடும்.

"இணையக் கிடங்கு ஒன்றே போதாதா?" என்று கேட்கலாம். 'கிளவுடு' என்ற பெயரைக் கேட்டு அது ஆகாயத்தில் மிதப்பதாக எண்ணிவிடக் கூடாது. அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கணிப்பொறிதான். தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தகவல் நிலையம் ஒன்றில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' என்ற கிடங்கு அழிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட் தகவல். ஒரு டெராபைட் என்பது 1,000 ஜிகாபைட். அந்தக் கிடங்குக்கு வேறிடத்தில் படி இருக்கவில்லை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல இணையக் கிடங்குகள் செல்போனில் உள்ளதை அப்படியே பிரதிபலிக்கும் கண்ணாடியைப் போன்றவை. செல்போனில் ஒரு படத்தை நீக்கினால் கிடங்கிலும் அது நீங்கிவிடும். குப்பைத் தொட்டிப் பகுதியில் சில வாரங்கள் கிடந்து, பிறகு நிரந்தரமாகப் போய்விடும். உங்கள் கிடங்கு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீக்கியதைத் தானும் நீக்குவது உண்மையான இரண்டாவது படி ஆகாது.

ஹார்டு டிஸ்கிலும் ஒரு கவனம் தேவை. படியெடுத்து முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற தீய நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. கோப்புகளையெல்லாம் இரகசியக் குறிகளாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. கணிப்பொறியோடு இணைந்திருந்த டிஸ்குகளும் தப்பவில்லை. கழற்றி அலமாரியில் வைத்திருந்த டிஸ்கை எந்த நிரலால் தொட முடியும்?

எடுத்த படி திறக்கிறதா?

படி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 1998ஆம் ஆண்டில் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. படிகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் அவை பழுதாகியிருந்தது தெரிந்தது. அப்போது கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வையால் சுற்றி, காரில் வைத்துக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் உங்கள் படியிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

காலப்போக்கில் கருவிகளும் மாறுகின்றன. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் எழுதப்பட்ட 'டூம்ஸ்டே' என்ற நிலக் கணக்கேட்டை இன்றும் படிக்க முடிகிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டைப் பற்றிய புதிய தகவல்களைத் திரட்டி லேசர் தட்டுகளில் வெளியிட்டது. 2002ஆம் ஆண்டுக்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. ஆய்வாளர்கள் பெருமுயற்சி செய்துதான் அவற்றை மீட்டார்கள். உங்கள் வீட்டுத் திருமண சி.டி. இருந்தால், அதைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே புதிய சாதனத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி பெருகினால் கதவும் பெருகும்

படிகள் அதிகமானால் பிறர் கைபடும் வழிகளும் அதிகமாகும் அல்லவா? எனவே பூட்டும் வலுவாக இருக்க வேண்டும்.

கடவுச்சொல்லின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. 26 ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலிருந்து குருட்டாம்போக்கில் 8 எழுத்துகளை எடுத்து ஒரு சொல் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20,883 கோடி சொற்கள் சாத்தியம். நொடிக்கு 1,000 கோடி முறை முயலும் ஒரு கணிப்பொறி 21 நொடியில் எல்லாவற்றையும் சோதித்துவிடும். 12 எழுத்துகளாக்கினால் அதற்கு 110 நாள் ஆகும். 16 எழுத்துகளாக்கினால் ஏறத்தாழ 1,38,000 ஆண்டுகள்! ஆனால் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் எவ்வளவு நீளமானாலும் பயனில்லை. முதலில் முயலப்படுபவை அவைதாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்கு வைத்த சொல்லை மற்றொன்றுக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது பூட்டாக ஈரடுக்குச் சரிபார்ப்பு வசதி உண்டு. கடவுச்சொல்லோடு, உங்கள் கையிலுள்ள செல்போனில் தோன்றும் ஓர் எண்ணையும் கேட்கும் முறை இது. மின்னஞ்சல் கணக்குக்கு இது மிகவும் அவசியம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் சாவி அங்கேதானே வருகிறது! அந்த எண்ணை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் யாருக்கும் கூறாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

அழித்தால் அழியுமா?

ஒரு படத்தை 'டெலீட்' செய்தால் அது போய்விட்டதா? மெமரி கார்டிலும் பழைய ஹார்டு டிஸ்கிலும் அப்படிச் செய்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பை அடித்துவிடுவதற்கு ஒப்பானது. பக்கங்கள் அப்படியே இருக்கும்; அவற்றின் மேல் புதிய தகவல் எழுதப்படும்போதுதான் மறையும். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தவறுதலாக ஒரு படத்தை நீக்கிவிட்டால் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் பதியாமல் உடனே எடுத்து வைத்துவிடுங்கள். மீட்கும் வாய்ப்பு அதிகம். அதே காரணத்தால் பழைய மெமரி கார்டைப் பிறரிடம் கொடுப்பது நல்லதன்று.

இன்றைய செல்போன்கள் தகவலை இரகசியக் குறியாக்கித்தான் சேமிக்கின்றன. முழுமையாக 'ரீசெட்' செய்யும்போது அந்தக் குறிக்குரிய திறவுகோல் அழிக்கப்படுகிறது. ஆகவே பழைய போனை விற்கும் முன் படியெடுங்கள், கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், ரீசெட் செய்யுங்கள், சிம்மையும் கார்டையும் கழற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

வீட்டில் ஒருவருக்குத் தெரியட்டும்

எல்லாவற்றையும் பூட்டி வைத்த குடும்பத் தலைவர் திடீரென்று மறைந்துவிட்டால் என்ன செய்வது? காப்பீட்டுத் தாள், வங்கி விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் பூட்டுக்குள் இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வெளியே நிற்பார்கள். திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டு அன்று வீட்டாருக்கு எதிராகவே நிற்கும். எனவே எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்லியும் வையுங்கள். இவ்வேலைக்குக் காகிதத்தைவிடச் சிறந்த சாதனம் இன்னும் இல்லை எனலாம்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போனில் உள்ளவற்றில், தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை என்று பாருங்கள். காலை வணக்கப் படங்களை விட்டுவிடுங்கள். பாட்டியின் குரல், பிள்ளையின் முதல் நடை, பத்திரத்தின் படம் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, '2025 மகள் மதிப்பெண் சான்று' என்பது போல ஆண்டோடு பெயரிட்டு, இரண்டாவது படியை முதலில் எடுத்துவிடுங்கள். மூன்றாவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செல்போன் கிணற்றில் விழுந்தாலும், போனது ஒரு கருவி மட்டுமே.