ஞாயிறு வேலை பாவமா?

தனியார் மருத்துவமனையில் ஞாயிறு பகல் பணி பார்க்கும் செவிலியர், துணிக்கடையில் காலை ஒன்பதரைக்கெல்லாம் நிற்க வேண்டிய பெண், பெட்ரோல் பங்கில் இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் தம்பி என்று கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்று யாராவது ஒருவர் இருக்கிறார். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும் நேரத்தில் இவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சாவான பாவத்தில் இருக்கிறோமோ என்ற பயம் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் கேட்கக் கூசி, நற்கருணை வாங்குவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அவர்கள் சுமக்கவே வேண்டாத சுமை இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பிழைப்புக்காகவோ, சமூகத்துக்கு இன்றியமையாத பணிக்காகவோ ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2185ஆம் எண்ணில், இந்த இரண்டையும் ஞாயிறு ஓய்வுக் கடமையிலிருந்து விலக்குத் தரும் நியாயமான காரணங்கள் என்றே சொல்கிறது. அதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: இந்த விலக்கு நாளடைவில் பழக்கமாகி, இறைப்பற்றையும் குடும்ப வாழ்வையும் உடல்நலத்தையும் கெடுத்துவிடக் கூடாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஞாயிற்றுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1247ஆம் பிரிவு அவற்றை அடுத்தடுத்துச் சொல்கிறது. ஒன்று, திருப்பலியில் பங்கேற்பது. மற்றொன்று, இறைவழிபாட்டையும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல், மன ஓய்வையும் தடுக்கும் வேலைகளைத் தவிர்ப்பது. காலையில் பூசை கண்டுவிட்டுப் பகலில் கடைக்குப் போகிறவர் முதல் கடமையை நிறைவேற்றிவிட்டார். இரண்டாவதில் அவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அவர் எதற்குக் கலங்க வேண்டும்?

பூசையே காண முடியாதபடி வேலை நேரம் அமைந்தால்? தக்க காரணமின்றி, தெரிந்தே, வேண்டுமென்றே ஞாயிறு திருப்பலியை விடுவது கனமான பாவம் என்பதில் திருச்சபை உறுதியாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது சரியில்லை. நோயும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தக்க காரணங்களுக்கு மறைக்கல்வி நூலே தரும் எடுத்துக்காட்டுகள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை விட்டு நகர முடியாத செவிலியரையும், போகாவிட்டால் வேலையே போய்விடும் என்ற நிலையில் உள்ளவரையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். சாவான பாவம் என்றால் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. கட்டாயத்தின் பேரில் போகிறவரிடம் அந்த முழுச் சம்மதம் எங்கே இருக்கிறது?

நம் பாட்டிமார் ஞாயிற்றுக்கிழமை ஊசியைக்கூடக் கையில் எடுக்க மாட்டார்கள். அது வெறும் மூடப்பழக்கமில்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தொகுப்பு, உடலுழைப்பு வேலைகளையும் நீதிமன்ற நடவடிக்கைகளையும் சந்தை வியாபாரத்தையும் ஞாயிறன்று தடை செய்திருந்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்தால் கனமான பாவம் என்று அறநெறி நூலாசிரியர்கள் கணக்கே போட்டிருந்தார்கள். 1983இல் வந்த இன்றைய சட்டத்தொகுப்பு அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. இது எந்த வகை வேலை என்று கேட்பதை விட்டு, இந்த வேலை வழிபாட்டையும் மகிழ்ச்சியையும் ஓய்வையும் தடுக்கிறதா என்று கேட்கச் சொல்கிறது. ஆகவே தோட்டத்தில் மண் கொத்துவது ஒருவருக்கு ஓய்வாக இருக்கலாம். சட்டை கசங்காமல் நாள் முழுக்க லேப்டாப்பில் கணக்கு முடிப்பது இன்னொருவருக்கு ஞாயிற்றையே தின்றுவிடலாம்.

இந்தக் கட்டளை யாருக்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல், ஐந்தாம் அதிகாரத்தில், ஓய்வுநாளுக்குக் காரணம் சொல்கிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தீர்கள். அதனால் உங்கள் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் உங்களைப் போலவே ஓய்ந்திருக்கட்டும் என்பதுதான் அந்தக் காரணம். எசமானரைப் பார்த்துச் சொன்ன கட்டளை இது, வேலைக்காரியின் பக்கம் நின்று சொன்னது. அதையே பின்னால் வந்தவர்கள் வேலைக்காரியின் தலையில் குற்றமாகத் தூக்கி வைத்துவிட்டோம். கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளில் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டதும் இதே பொருளில்தான்.

வரலாறும் இளக்கமாகவே இருந்திருக்கிறது. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நகரத்தாருக்கும் நீதிபதிகளுக்கும் ஞாயிறு ஓய்வை விதித்தபோது, விதைப்புக் காலம் தவறிவிடக் கூடாதென்று உழவர்களை அதிலிருந்து விடுவித்தார். 538இல் பிரான்சின் ஓர்லியான் நகரில் கூடிய ஆயர்கள் உழவு போன்ற வயல் வேலைகளைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஆனால் சமைப்பதையும் வண்டி பூட்டிப் பயணம் போவதையும் தடை செய்ய மறுத்துவிட்டார்கள்.

சமையல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் பெண்களுக்கு வாரத்திலேயே கனமான நாள். காலைப் பூசைக்குப் பிள்ளைகளைக் கிளப்பி, வந்ததும் கறி கழுவி, மசாலா அரைத்து, மதியம் உறவினருக்குப் பரிமாறி, பாத்திரம் தேய்த்து நிமிரும்போது மணி நான்கு. குழம்பு வைப்பது பாவமில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஆண்டவருடைய நாளின் ஓய்வு வீட்டில் ஆண்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், அந்த வீட்டில் கட்டளை பாதிதான் நிறைவேறுகிறது. ஞாயிறு மதியப் பாத்திரங்களை வீட்டு ஆண்கள் கழுவுவது நல்ல பக்தி முயற்சி என்று மனமார நம்புகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பதை ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்திருக்கும் ஊர்கள் பல. பக்கத்துப் படகு போகாது என்று தெரிந்தால்தான் நம் படகையும் நிம்மதியாகக் கரையில் வைக்க முடியும். ஓய்வு எல்லாருக்கும் சேர்ந்து கிடைத்தால்தான் நிலைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். அதே மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பவர்கள். அவர்களுக்கு அங்கே பூசை காண வழியில்லை, ஆகவே கடமையும் இல்லை. படகில் சேர்ந்து செபமாலை சொன்னால் அதுவே போதும். வளைகுடா நாடுகளிலும் இதே போன்ற நிலைமைதான். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்ததால், வெள்ளியன்றே மக்கள் பெருந்திரளாகத் திருப்பலிக்குக் கூடும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்துதான் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் ஞாயிறு விடுமுறை தானாக வந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு இசைந்தார்கள். லோகண்டே கிறிஸ்தவரில்லை, ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு, 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எந்த ஒப்பந்தம் போட்டாலும், உடலுக்கும் ஆன்மாவுக்கும் வேண்டிய ஓய்வு அதில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்று அதில் எழுதினார்.

ஞாயிறுதான் வேண்டும் என்று கேட்கும் உரிமையைச் சட்டம் எல்லா ஊழியருக்கும் தரவில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்ற உரிமையைத் தந்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, கடை ஊழியருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுப்பு தரச் சொல்கிறது, அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. ஆண்டு முழுக்கக் கடை திறக்க 2019இல் தமிழக அரசு அனுமதி அளித்தபோதும், சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வார விடுப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. விதிவிலக்காக வேலை வாங்கினால் ஈடான விடுப்பை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ தர வேண்டும்.

ஆகவே ஞாயிறு வேலை கட்டாயமானால் என்ன செய்யலாம்? முதலில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி. அது ஞாயிறு கடமையை முழுமையாக நிறைவேற்றும், குறைந்த பூசை என்று நினைக்க வேண்டாம். சொந்தப் பங்கில்தான் காண வேண்டும் என்பதும் இல்லை. வேலை இடத்துக்குப் பக்கத்திலுள்ள எந்தக் கத்தோலிக்கக் கோயிலும், சீரோ மலபார், சீரோ மலங்கரா கோயில்கள் உட்பட, போதும். தொலைக்காட்சிப் பூசை கடமையை நிறைவேற்றாது. ஆனால் போகவே முடியாதவருக்கு நல்ல துணை. வேலை நேரம் மாதக்கணக்கில் இடித்தால் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்தால் அவரவர் நிலைமையைப் பார்த்துக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கவும், அதை வேறு பக்தி முயற்சியாக மாற்றித் தரவும் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1245ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. கேட்டால்தானே தருவார்?

மேலாளரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்பதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். ஞாயிறு முழுவதும் கிடைக்காவிட்டாலும், மாதம் ஒரு ஞாயிறு, அல்லது காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதி என்று கேட்கலாம். பண்டிகை நாளில் விடுப்பு வேண்டிய வேற்றுமத நண்பரோடு டியூட்டி மாற்றிக்கொள்வது பல இடங்களில் சுமுகமாக நடக்கிறது. வார விடுப்பே தராமல் ஓட்டுகிற இடமென்றால், அது நம்பிக்கை சார்ந்த வேண்டுகோள் என்பதைத் தாண்டிச் சட்டமீறல் ஆகிவிடுகிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, வேலை நேரம் குறித்து வந்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். இலவசச் சட்ட ஆலோசனைக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி கிடைக்கும்.

ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு வேலை செய்த காசு வீட்டில் தங்காது, பிள்ளைக்கு நோய் வரும் என்று சில செபக்கூட்டங்களில் பயமுறுத்துகிறார்கள். பரிகாரச் செபம் என்று காணிக்கையும் கேட்கிறார்கள். திருச்சபையின் போதனையில் இப்படி ஒன்று கிடையாது. காசு கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளின் டியூஷன் விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். போட்டித் தேர்வு ஞாயிறன்று வந்தால் எழுதத்தான் வேண்டும், சனி மாலையே பூசை கண்டுவிடலாம். ஆனால் ஆண்டு முழுக்க ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்று வரை கோச்சிங் வகுப்பு என்பது பெற்றோர் தாமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அதைத் தவிர்க்க முடியாத தேவை என்று சொல்ல முடியாது. மறைக்கல்வி வகுப்பும் போய், பிள்ளையின் தூக்கமும் போகிறது.

மறைக்கல்வி நூலின் 2187ஆம் எண் அதிகம் பேசப்படுவதில்லை. பிறர் ஆண்டவருடைய நாளைக் கடைப்பிடிக்க முடியாதபடி தேவையற்ற வேலைகளை அவர்கள்மேல் சுமத்தாதீர்கள் என்று அது நம் எல்லாருக்கும் சொல்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியிருக்க வேண்டிய அறிக்கையை ஞாயிறு மதியம் கேட்கும் அதிகாரி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு வாரம் ஒரு நாள்கூட விடுப்பு தராத குடும்பம், ஞாயிறு பூசை முடிந்த கையோடு சொந்தக் கடையைத் திறந்து ஊழியரைப் பூசைக்கு விடாத முதலாளி ஆகியோர்தான் ‘ஞாயிறு வேலை பாவமா’ என்று தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள். கத்தோலிக்கர் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கில்லை.

நீங்கள் கத்தோலிக்க முதலாளியாகவோ மேலாளராகவோ இருந்தால், அடுத்த வார டியூட்டிப் பட்டியலை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். யார் எந்தப் பூசைக்குப் போக முடியும், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். இந்து, முஸ்லிம் ஊழியர்களிடமும் அவர்களுக்கு வேண்டிய நாளைக் கேளுங்கள்.