விரலிலிருந்து இடுப்புக்கு

பாறை ஏறப் பலம் வேண்டுமா? ஏறிக்கொண்டே இரு, தானாக வரும். 1950கள் வரை ஏறுகிறவர்களுக்கு இதுதான் பாடம். அதை மாற்றியவர் ஜான் கில் என்ற அமெரிக்கர். பின்னாளில் கணிதப் பேராசிரியர். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் வளையத்திலும் கயிற்றிலும் பழகிய உடம்பை அப்படியே பாறைக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடியைப் பாறைக்குப் பழக்கியதும் அவர்தான். 1961-இல் தெற்கு டகோட்டாவில் 'திம்பிள்' என்ற பாறையில் கயிறே இல்லாமல் ஏறி முடித்தார்.

அடுத்த முப்பது ஆண்டுகள் பயிற்சி என்றாலே இழுப்பதுதான். கம்பியில் தொங்கி எழு, இன்னும் எழு. 1988-இல் ஜெர்மனியின் நியூரம்பர்கில் வொல்ஃப்காங் கூலிஷ் என்ற ஏறுபவர் ஒரு சாய்வுப் பலகையில் மெல்லிய மரச்சட்டங்களைப் படிப்படியாக அடித்தார். கால்கள் காற்றில் தொங்க, விரல் நுனியால் மட்டும் சட்டம் சட்டமாகத் தாவி ஏற வேண்டும். கேம்பஸ் போர்டு பிறந்தது இப்படித்தான். ஓரிரு விரல் மட்டுமே நுழையும் குழிகள் கொண்ட 'ஆக்‌ஷன் டிரெக்ட்' பாதையை 1991-இல் அவர் ஏறி முடித்தார். கடினத்தில் 9a தரம் பெற்ற உலகின் முதல் பாதையாக அது கருதப்படுகிறது.

ஆனால் விலை கொடுத்தவர்கள் நிறையப் பேர். தூண்டில் கழியில் நரம்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் மாதிரி, விரலின் தசைநாணை எலும்போடு ஒட்டி நிறுத்தச் சிறு வளையத் தசைநார்கள் உண்டு. விரலை மடக்கிச் சின்னப் பிடியில் முழு எடையையும் போடும்போது அவற்றில் ஒன்று 'பட்'டென்று அறலாம். சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கலாம். முழங்கை வலியோ, சொல்லவே வேண்டாம்.

இன்று கதை இடுப்புக்கு வந்திருக்கிறது. இடுப்பு சுவரோடு ஒட்ட ஒட்ட, எடை காலுக்கு இறங்கும். விரலுக்குச் சுமை குறையும். அதனால் தவளைபோல் தொடைகளை விரித்துப் படுத்துப் பழகுகிறார்கள். அதோடு விட்டால் பயனில்லை. கையால் தூக்கிவிடாமல், காலைத் தன் பலத்தாலேயே மார்பு உயரப் பிடிக்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டும். வெறும் நெகிழ்வை மட்டும் வளர்ப்பது இந்தக் காலத்து மோகம் என்றே எனக்குப் படுகிறது. 2017-இல் நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் 'சைலன்ஸ்' என்ற முதல் 9c பாதையை ஏறிய ஆடம் ஓந்த்ரா, அதற்காகப் பிசியோதெரபிஸ்ட்டை வைத்துக்கொண்டு கெண்டைக்கால் தசையைக்கூடத் தனியாக வலுவாக்கினார். முழங்காலைப் பாறையில் முட்டுக்கொடுத்துத் தலைகீழாகத் தொங்க அந்தத் தசை தேவைப்பட்டது.

விரல் பயிற்சி போய்விடவில்லை, அளவுக்கு வந்திருக்கிறது. 20 மில்லிமீட்டர் விளிம்பில் 7 விநாடி தொங்கு, 3 விநாடி விடு என்பது பரவலான முறை. இழுப்புக்கு ஈடாகத் தண்டாலும், ரப்பர் பட்டையில் தோள்பட்டைப் பயிற்சியும் சேர்ந்துவிட்டன. எடையைக் குறைத்தால் உயரம் ஏறலாம் என்று பட்டினி கிடந்த பழக்கத்துக்கும் கடிவாளம் விழுகிறது: போட்டி வீரர்களின் உடல்நலத்தைப் பரிசோதித்துச் சான்று தரும் விதியை 2024-இல் சர்வதேச ஏறுதல் கூட்டமைப்பு கொண்டுவந்தது.

கேம்பஸ் போர்டு மட்டும் இன்றும் ஏறுதல் கூடங்களில் நிற்கிறது. வளரும் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்; விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, விரிசல் விடலாம். நடுவிரலின் நடு மூட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், ஏறுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.