வீடு மாறும்போது ரோஜாச் செடியை என்ன செய்வது?



வேலை நிமித்தமாகச் சொந்த ஊரை விட்டு மும்பை, பெங்களூரு, ஐதராபாத், டெல்லி போன்ற பட்டணங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை வீட்டை மாற்ற வேண்டிய நிலையில் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பைக் கருதி, பள்ளி ஆண்டு முடியும் மார்ச் முதல் மே வரையுள்ள நாட்களிலேயே பெரும்பாலும் வீடு மாறுகிறோம். ரோஜாச் செடியை வேரோடு பெயர்ப்பதற்கு ஆண்டிலேயே மிகவும் ஆகாத மாதங்களும் இவையே. ஆகவே ஆண்டுக்கணக்கில் பூத்த செடி பழைய வீட்டிலேயே விடப்படுகிறது. அல்லது அவசரமாகப் பிடுங்கப்பட்டு, புது வீட்டில் ஒரு வாரத்திற்குள் காய்ந்துபோகிறது.

இந்த இழப்பு தவிர்க்கக் கூடியதே. அதற்கு இரண்டு காரியங்கள் தேவை: ஏற்ற ரோஜாவைத் தெரிந்துகொள்வது, வீடு மாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் செய்வது.

பழைய ரோஜா என்பது எது?

1867-ஆம் ஆண்டு பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜா அறிமுகமாயிற்று. அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த இனங்களையே தோட்டக்கலையினர் 'பழைய தோட்ட ரோஜாக்கள்' என்று அழைக்கின்றனர். நம் தாய்மார் தலையில் சூடிய பன்னீர் ரோஜா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலக்கோட்டை, தோவாளைச் சந்தைகளை அறிந்தவர்களுக்கு அதன் மணத்தை விவரிக்க வேண்டியதில்லை.

தோட்டக்கலை நூல்கள் இதனை 'எட்வர்ட் ரோஜா' என்கின்றன. இதன் வரலாறே ஓர் இடமாற்றத்தின் வரலாறு. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவு முன்னாளில் போர்பன் தீவு எனப்பட்டது. அங்கே விவசாயிகள் தங்கள் நிலங்களுக்கு வேலியாகச் சீன ரோஜாவையும் டமாஸ்கு ரோஜாவையும் நட்டிருந்தார்கள். இவ்விரண்டும் கலந்து புதியதொரு ரோஜா தானாகவே தோன்றியது. 1817-இல் அங்கு வந்த பிரேயோன் என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர் அதனைக் கவனித்தார். பின்பு அதன் விதைகள் பாரீசுக்குச் சென்றன. அத்தீவில் 'எதுவார்' என்று வழங்கிய ரோஜாவே நம் நாட்டில் 'எட்வர்ட்' ஆயிற்று.

சீன ரோஜாக்களும் இப்படியே பிரயாணப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றுள் சில கல்கத்தா வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்தன. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள்.

எந்த ஊருக்கு எந்த ரோஜா?

பழைய ரோஜா அனைத்தும் வெப்பத்தைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவின் காலிக்கா, ஆல்பா, சென்டிபோலியா இனங்களுக்குக் கடுங்குளிர் வேண்டும். நம் பட்டணங்களில் அவை இலை விடுமேயன்றி, மனநிறைவாகப் பூப்பதில்லை.

பெங்களூரு, ஐதராபாத், மும்பை ஆகிய ஊர்களுக்கு எட்வர்ட் ரோஜாவும் சீன ரோஜாக்களும் ஏற்றவை. 'ஓல்ட் பிளஷ்' என்னும் இளஞ்சிவப்புச் சீன ரோஜா ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும். 1897-இல் வெளிவந்த 'குருஸ் ஆன் டெப்லிட்ஸ்' என்னும் மணமுள்ள சிவப்பு ரோஜா, காலத்தால் பிந்தியதாயினும் குணத்தால் இவற்றின் உறவே. நம் நாட்டில் உதிரிப்பூவுக்காக அது பரவலாகப் பயிரிடப்படுகிறது.

டெல்லியிலும் வட இந்தியச் சமவெளியிலும் குளிர்காலம் உண்டு. ஆகவே அங்கே டமாஸ்கு ரோஜாவும் செழிக்கும். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ், ஹாத்ரஸ் பகுதிகளில் அத்தருக்கும் பன்னீருக்கும் பயன்படுவது இதுவே. ஆனால் இது மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் மிகுதியாகப் பூத்து ஓயும். சித்திரையில் பூப்பதால் ராஜஸ்தானில் இதற்குச் 'சைத்தி குலாப்' என்று பெயர்.

ஒட்டுச்செடியும் சொந்த வேர்ச்செடியும்

நர்சரியில் நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். அடியில் இருக்கும் வேர் ஒன்று. மேலே பூக்கும் கிளை வேறொன்று. அந்த அடிச்செடியாகத் தென்னிந்தியாவில் எட்வர்ட் ரோஜாவே பல இடங்களில் பயன்படுகிறது. இடம் மாற்றும்போது மேற்பகுதி பட்டுப்போனால் அடிச்செடி மட்டும் துளிர்க்கும். "என் ரோஜா நாட்டு ரோஜாவாக மாறிவிட்டது" என்று சிலர் வியப்பதன் காரணம் இதுதான்.

குச்சியிலிருந்து தன் சொந்த வேரில் வளர்ந்த செடியோ அப்படியன்று. மேலே முழுவதும் காய்ந்தாலும், வேரில் உயிர் இருந்தால் அதே பூவோடு திரும்ப எழும்பும். அடிக்கடி வீடு மாறும் குடும்பத்திற்குச் சொந்த வேர்ச்செடியே பிரயோஜனமானது.

முதல் வேலை: குச்சி எடுங்கள்

அடுத்த கோடையில் வீடு மாற நேரிடும் என்று தெரிந்தால், மழைக்காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ குச்சிகளை நட்டுவிடுங்கள். இதுவே இக்கட்டுரையின் முக்கியமான ஆலோசனை.

அண்மையில் பூத்து ஓய்ந்த கிளையில், பென்சில் பருமனுள்ள பகுதியை 6 முதல் 8 அங்குல நீளத்திற்கு நறுக்குங்கள். அடிவெட்டு ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். உச்சியில் இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றை அகற்றுங்கள். மணலும் மட்கிய எருவும் கலந்த சிறு தொட்டியில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டு, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். எல்லாக் குச்சிகளும் பிழைப்பதில்லை. ஆகவே ஆறேழு குச்சிகளாவது நடுங்கள்.

தாழ்ந்த கிளை இருந்தால் பதியன் போடுவது இன்னும் எளிது. கிளையின் அடிப்புறப் பட்டையைச் சிறிது கீறி, அருகிலுள்ள தொட்டி மண்ணில் அழுத்திக் கல் வைத்துவிடுங்கள். வேர் நன்றாக இறங்கிய பின்பு தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம். லாரி வரும் நாளில் உங்கள் ரோஜா சிறு தொட்டியில் ஆயத்தமாக இருக்கும்.

பெரிய செடியைப் பெயர்க்க வேண்டுமானால்

வீடு இடிக்கப்படும் நிலை போன்ற சமயங்களில் பெரிய செடியையே எடுக்க நேரிடலாம். டெல்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் அதற்கு ஏற்றவை. மும்பையில் கனமழை ஓய்ந்து நவம்பருக்குப் பின்பு செய்யலாம். பெங்களூரில் மழை தொடங்கிய பின்போ, குளிர்ந்த மாதங்களிலோ செய்யலாம்.

1. ஒரு மாதத்திற்கு முன்பே, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, செடியைச் சுற்றிப் பாதி வட்டமாக மண்வெட்டியை இறக்கி வேர்களை வெட்டிவிடுங்கள். அங்கே புதிய சிறுவேர்கள் பிறக்கும்.

2. பெயர்ப்பதற்கு முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். டமாஸ்கு ரோஜாவின் கிளைகளைப் பாதியாகக் குறைக்கலாம். சீன ரோஜாக்கள் கடுமையான வெட்டை விரும்பாதவை. அவற்றில் காய்ந்த, மெலிந்த கிளைகளையும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமலும் அகற்றுங்கள். மொட்டுகளையும் இலைகளில் பெரும்பகுதியையும் எடுத்துவிடுங்கள்.

3. மாலை வேளையில் மீதிப் பாதியையும் வெட்டி, மண்கட்டி உடையாமல் தூக்கி, ஈரச் சாக்கினால் சுற்றிக் கட்டுங்கள்.

4. முன்பே தோண்டிய குழியில், முன்பிருந்த அதே ஆழத்தில் நடுங்கள். ஒட்டுச்செடியானால் ஒட்டின் முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். கரையான் உள்ள இடங்களில் வேப்பம் பிண்ணாக்கை மண்ணோடு கலப்பது நல்லது.

5. இரண்டு வாரம் நிழல் கொடுங்கள். புதிய தளிர் நன்றாக எழும்பும் வரை எந்த உரமும் இடாதிருங்கள். வெட்டுண்ட வேருக்கு உரம் பாரமாகும்.

தொட்டியிலுள்ள செடியைக் கோடையில் கொண்டுபோகிறவர்கள் அதைத் தொட்டி மாற்றாமல் அப்படியே வையுங்கள். மண்ணை மாற்றுவது மழைக்காலம் வரை காத்திருக்கட்டும்.

புது வீட்டில்

ரோஜாவிற்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும்; காலை வெயில் மிகவும் நல்லது. டெல்லியின் மே, ஜூன் மாதப் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் சிறிது மறைப்புத் தேவை. தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுங்கள். இரவில் இலை ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிவந்தால், பச்சைப் பகுதி வரை வெட்டி அகற்றி, கத்தரியைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. வேர் பிடித்த குச்சிகளில் ஒன்றிரண்டைப் பக்கத்து வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய ரோஜாக்கள் தலைமுறைகளைக் கடந்து நம்மிடம் வந்தது பெரும்பாலும் இவ்விதம் கை மாறிய குச்சிகளால்தான். வழியில் உங்கள் செடி பட்டுப்போனாலும், நீங்கள் கொடுத்த இடத்தில் அதே ரோஜா பூத்துக்கொண்டிருக்கும். ஒரு குச்சி கேட்டால் திரும்பவும் கிடைக்கும்.