சலாதுக்கு ஊறவைக்கும் பயறு

பயறு வகைகளைக் கறியாகவும் சுண்டலாகவும் ஆக்குவதில் வல்லவர்களாகிய நாம், அவற்றைக் குளிர்ந்த சலாதாக உண்பதில் இன்னும் கூச்சமுடையவர்களாகவே இருக்கின்றோம். சலாது என்றவுடன் வெள்ளரிக்காயும் தக்காளியும் வட்டமாக அரிந்து அடுக்கிய தட்டே நம் நினைவுக்கு வருகின்றது. துருக்கியரோ அவித்த வெள்ளைப் போஞ்சி விதையை வெங்காயம், புளிப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு கலந்து 'பியாஸ்' என்னும் பெயரால் விரும்பி உண்கின்றனர். கௌபியிலும் கடலையிலும் அம்முறையை நாம் கைக்கொள்ளலாம்.

நம் மொழியிலே தண்ணீரில் ஊறவைப்பதற்கும் புளிப்பில் ஊறவைப்பதற்கும் ஒரே சொல்தான் வழங்குகின்றது. சமையலிலோ இவையிரண்டும் வெவ்வேறு கருமங்கள். முன்னையது அவிப்பதற்கு முன்னும், பின்னையது அவித்த பின்னும் செய்யப்பட வேண்டும். பயற்றின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தாலன்றிப் பயறு மெதுமையுறாது. புளிப்பு அதனைக் கரையவிடாது. ஆதலின் அடுப்பிலிருக்கும் பானையில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்துவிட்டால், எவ்வளவு விறகெரித்தும் பயனில்லை.

நீரிலுள்ள சுண்ணாம்பும் இதே தொல்லையைத் தருவது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் அமைந்தவை; அங்கே கடலை எளிதில் அவிவதில்லையென்று கூறுவோர் காரணமின்றிக் கூறவில்லை. மழைநீர் கிடைப்பின் நன்று; இல்லையேல் ஊறவைக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிடலாம். உப்பிட்டால் பயறு வேகாது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அவ்வுப்பு தோலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இடம்பெயர்த்துத் தோலை இளக்குகின்றது. அப்பச்சோடா விரைவில் அவியச் செய்யுமாயினும் உயிர்ச்சத்து பீ1-ஐ அழித்து, சவர்க்காரச் சுவையையும் தருவதால் நாம் அதனை விதந்துரையோம்.

இந்தியர் ராஜ்மா என வழங்கும் சிவப்புப் போஞ்சி விதையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அரைவேக்காட்டில் அதனை உண்பது ஆபத்து. நான்கைந்து பச்சை விதைகளே ஒரு சில மணி நேரத்துள் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கப் போதுமானவை. 2006ஆம் ஆண்டில் யப்பானிலே, தொலைக்காட்சியிற் சொல்லப்பட்டபடி வெள்ளைப் போஞ்சி விதையைச் சிறிதே வறுத்துப் பொடித்து உண்ட பலர் இவ்வாறு நோயுற்றனர். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிடுதல் வேண்டும். கொதிக்காத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருத்தல் நஞ்சை அழிக்காது. தகரத்தில் அடைத்து வருபவை முன்னரே வெந்தவையாதலின் கழுவினாற் போதும்.

இனிக் கௌபிச் சலாது. ஒரு கோப்பைக் கௌபியை இரவில் ஊறவைத்து, காலையிற் புதுநீரில், தோல் பிரியாமலும் உள்ளே மாவாக நசியுமாறும் அவித்து வடித்துக்கொள்க. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, சிறிது சீனி, வேண்டிய உப்பு ஆகியவற்றை நன்கு அடித்து, பயறு சூடாயிருக்கும்போதே அதன்மேல் ஊற்றுதல் வேண்டும். ஆறிய பயறு சுவையை உள்வாங்காது. மேலே பூசிக்கொள்வதோடு நின்றுவிடும். ஆறியபின் மெல்லிதாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து மூன்று மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். தக்காளி நீர் விடுமாதலால் பரிமாறும்போதே சேர்க்கத்தக்கது. தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. குளிரில் உறைந்து வெள்ளைத் திட்டுக்களாகிவிடும்.

பச்சைப் போஞ்சியும் பயற்றங்காயும் இதற்கு விலக்கு. புளிப்புப் பட்டவுடன் அவற்றின் பச்சையம் மகனீசியத்தை இழந்து, ஒளி குன்றி, காய்ந்த இலையின் நிறத்தை அடையும். அவற்றை எண்ணெயில் மட்டும் புரட்டிவைத்து, மேசைக்குக் கொண்டுசெல்லும் தறுவாயிலே தேசிக்காய்ப் புளியை விடுக.

உள்ளி சேர்க்க விரும்புவோர் அன்றன்று நசுக்கிச் சேர்த்தல் நலம். பச்சை உள்ளியை எண்ணெயில் இட்டு வெளியே நாட்கணக்கில் வைப்பது கொடிய நஞ்சுக்கு இடமாகும். மற்றும்படி, மூடிய பீங்கானிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ வைத்த சலாது குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளைக்குக் கெடாது. அலுமினியச் சட்டியைப் புளிப்பு அரிக்கும். மீந்த சலாதை மறுநாட் காலையிற் பாணோடு உண்ணலாம். முதல்நாளினும் அன்றே சுவை மிகுதி.